பின்கால் இரண்டு விரற்கடை

ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கி, சுட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதில் முதல் ஐந்து மாதம் நான் சுட்டதெல்லாம் வலது பக்கமே போய் விழுந்தது. 10 மீட்டர் தூரம்தான். ஆனால் டார்கெட் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. பிஸ்டல் வலப்பக்கம் நிற்பது தெரிந்ததும் மணிக்கட்டால் இடப்பக்கம் இழுத்துப் பிடித்துச் சுடுவேன். முதல் நாலைந்து சரியாகப் போகும். அப்புறம் தோள் களைத்துவிடும், பிஸ்டல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

ஒரு சனிக்கிழமை பயிற்சியாளர் என் பின்னால் வந்து நின்றார். பிஸ்டலில் பெல்லட் (சிறிய ஈயக் குண்டு) இல்லை என்று இருவரும் பார்த்துக்கொண்டோம். "கண்ணை மூடிக்கோங்கம்மா. கையைத் தூக்கி இறக்குங்க. இன்னொருக்கா தூக்குங்க. இப்ப திறங்க." திறந்தால், முன் சைட் (குழல் நுனியில் இருக்கும் குறிமுனை) அட்டையின் கறுப்பு வட்டத்துக்கு ஒரு சாண் வலப்பக்கம் நின்றது.

"உங்க உடம்பு அங்கதான் பார்க்குது. கையை விடுங்க, காலை மாத்துங்க."

நான் வலது கைக்காரி. வலது தோள் டார்கெட்டைப் பார்க்க, பக்கவாட்டில் நிற்பேன். பிஸ்டல் எந்தப் பக்கம் விலகுகிறதோ, பின்காலை அதே பக்கம் நகர்த்தச் சொன்னார். கேட்க நேர்மாறாக இருந்தது. ஆனால் இடது காலை வலப்பக்கம், அதாவது என் முதுகுப் பக்கம், இரண்டு விரற்கடை நகர்த்தியதும் உடம்பு முழுவதும் இடப்பக்கம் திரும்பியது. மறுபடி கண்ணை மூடித் திறந்தேன். சைட் வட்டத்துக்கு நேர் கீழே நின்றது, நான் எதையும் இழுக்காமலே. இதற்காக ஐந்து மாதம் தோளை வதைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து நிற்பதைத்தான் முதலில் படிக்கிறேன். கால்கள் தோள் அகலம், இரண்டிலும் சமமாக எடை. மெத்தென்ற அடியுள்ள ஓட்டப் பயிற்சி ஷூவை விட்டுத் தட்டையான கேன்வாஸ் ஷூவுக்கு மாறினேன். சும்மா தொங்கும் கை ஆடும், அந்த ஆட்டம் உடம்புக்கும் போகும். அதனால் இடது கையைப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன். சுடிதாரில் பை இல்லை, ரேஞ்சுக்கு மட்டும் பேண்ட். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் திகேச் பையில் கைவிட்டு நின்ற படத்தை ஸ்டைல் என்று எல்லோரும் பகிர்ந்தார்கள். இந்த விளையாட்டில் அது அடிப்படைப் பாடம்.

சரி, கால் நின்றுவிட்டால் அடுத்தது கண். பார்வை முன் சைட்டில் இருக்க வேண்டும், டார்கெட் மங்கலாகத் தெரிய வேண்டும். மனம் இதற்கு ஒப்பவே ஒப்பாது. எனக்கு ஒரு கணக்கு உதவியது. முன் சைட்டுக்கும் கண்ணுக்குப் பக்கமுள்ள பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 35 சென்டிமீட்டர். அவை 1 மில்லிமீட்டர் பிசகினால் அட்டையில் கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். ஒரு வளையம் 8 மில்லிமீட்டர் என்றால் மூன்று வளையத்துக்கு மேல் போச்சு. சைட் நேராக இருந்து, கை மொத்தமாக 5 மில்லிமீட்டர் ஆடினால் அட்டையிலும் அதே 5தான். ஆகவே கை ஆடுவதைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டேன்.

ட்ரிகரை ஒரே சீராக அழுத்த வேண்டும். பத்து விநாடிக்குள் சுட வரவில்லையா, கையை இறக்கிவிட வேண்டும். போட்டியில் 60 முறை சுட 75 நிமிடம் தருகிறார்கள், இறக்கி ஏற்ற நேரம் தாராளமாக இருக்கிறது. ஆனாலும் இறக்க மனம் வராது. என்னுடைய ஏழுகளும் ஆறுகளும் பெரும்பாலும் அப்படி இறக்காமல் சுட்டவை.

வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம் வெள்ளைச் சுவரைப் பார்த்து, பெல்லட் போடாமல் ட்ரை ஃபயர் செய்கிறேன். வட்டம் இல்லாததால் கண் முன் சைட்டிலேயே நிற்கப் பழகுகிறது.

போன ஞாயிறு நாற்பதாவது ஷாட்டுக்கு மேல் மறுபடி வலப்பக்கம் விழ ஆரம்பித்தது. மணிக்கட்டு தானாகத் திருகப் பார்த்தது. பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். இடது கால் ஒரு விரற்கடை முன்னால் வந்திருந்தது.