பிள்ளைக்கு 18 ஆகிறதா? காப்பாளர் சான்றிதழில் தொடங்குங்கள்

ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளையின் பெயரில் வங்கியில் பணம் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோர் நிறைய. பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் அந்தப் பணத்துக்குப் பூட்டு விழுகிறது. அதுவரை செல்லுபடியான அப்பாவின் கையெழுத்து இனிச் செல்லாது. பிள்ளையே கையெழுத்துப் போடவேண்டும் என்பார்கள். எவ்வளவு சேர்ப்பது என்பதைவிட, எந்த வழியாகப் பிள்ளையின் கைக்குப் போகும் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999 வழிசெய்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பித்தால் சட்டப்பூர்வக் காப்பாளர் சான்றிதழ் கிடைக்கும். பெற்றோர் இருவரும் சேர்ந்தே விண்ணப்பியுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அவருக்கு ஏதாவது ஆனதும் மறுபடி முதலிலிருந்து அலையவேண்டும். சான்றிதழோடு கடமையும் வருகிறது: 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியல், பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் கணக்கு. பலர் இதைக் கொடுப்பதே இல்லை. மனச்சிதைவு போன்ற மனநோய்கள் இந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்கு வழக்கறிஞரிடம் தனியாகக் கேட்கவேண்டும்.

அடுத்தது உயில். "அண்ணன் பாத்துப்பான்" என்று எல்லாவற்றையும் மூத்தவன் பெயரில் எழுதுவது நம் வீடுகளில் வழக்கம். அண்ணன் நல்லவனாகவே இருக்கட்டும். அவன் கடன்பட்டால், மணமுறிவு வந்தால், தம்பிக்கு முன்னால் இறந்துபோனால், அந்தச் சொத்து அவன் சொத்தாகத்தான் போகும். உயிலே எழுதாவிட்டால் வேறு சிக்கல்: வீட்டில் பிள்ளைக்கும் பங்கு வரும், ஆனால் அவருக்காகக் கையெழுத்திடச் சட்டப்படி யாரும் இல்லாததால் வீட்டை விற்கமுடியாது.

வசதி உள்ளவர்கள் பிள்ளைக்கென்று தனியார் அறக்கட்டளை (டிரஸ்ட்) அமைக்கலாம்; அதாவது, பிள்ளைக்கான சொத்தை அறங்காவலர் ஒருவர் பொறுப்பில் விடலாம். இங்கே வரியில் கவனம் வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதை அறங்காவலரே முடிவு செய்யலாம் என்று எழுதிப் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே தொடங்கினால், வருமானத்துக்கு உச்சபட்ச வரி. அதையே உயில் மூலம், அந்த உயிலில் உள்ள ஒரே அறக்கட்டளையாக, பிள்ளைக்காக அமைத்தால் பொதுவாகச் சாதாரண வரி அடுக்குகள்தான். பிள்ளை ஒருவருக்கே முழுப் பங்கு என்று ஆவணத்தில் எழுதிவிட்டால், உயிரோடிருக்கும்போது தொடங்கினாலும் பிள்ளையின் வரி விகிதமே வரும். காப்பாளரும் அறங்காவலரும் ஒரே ஆளாக இருக்கவேண்டாம். ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொருவர் பணத்தைக் கொடுத்துக் கணக்குக் கேட்கட்டும்.

அரசு ஓய்வூதியர்கள் தாங்கள் இருக்கும்போதே மருத்துவச் சான்று கொடுத்து, ஓய்வூதிய ஆணையில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். பெற்றோர் போனபின் சான்றிதழ்களோடு அலைவதற்கு யாரும் இருக்கமாட்டார்கள். தனியார் துறையினருக்கு பி.எப். வழியாக வரும் இ.பி.எஸ். 95 ஓய்வூதியத் திட்டத்திலும் நிரந்தரமாக, முழுமையாக ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பின்றி ஓய்வூதியம் உண்டு, தொகை சிறியது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபி செலவும் அதில் அடங்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

இனித் தொகை. பிள்ளைக்கு மட்டும் இன்று மாதம் 30,000 ரூபாய் ஆகிறது, பெற்றோருக்குப் பின் 40 ஆண்டு தேவை என்று வையுங்கள். வரி போக வட்டி விலைவாசியோடு சமமாக ஓடினால், இன்றைய மதிப்பில் 1 கோடியே 44 லட்சம். அந்தத் தேவை 20 ஆண்டு கழித்துத் தொடங்கினால், 6 சதவீத விலையேற்றத்தில் அது சுமார் 4 கோடியே 60 லட்சம். மலைப்பாகத்தான் இருக்கும். சொந்த வீடு, ஓய்வூதியம், டெர்ம் காப்பீடு ஆகியவற்றைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் சேமிப்பைத் திட்டமிடுங்கள்.

இந்த ஆவணங்களை எல்லாம் வைக்கும் கோப்பில் கையால் எழுதிய சில பக்கங்களும் இருக்கட்டும்: எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, வலிப்பு வந்தால் என்ன செய்யவேண்டும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், இட்லியைப் பிசைந்து ஊட்டவேண்டுமா தானே சாப்பிடுவானா. ஒவ்வொரு பிறந்தநாளிலும் அதைத் திருத்தி எழுதி, ஒரு நகலை அடுத்த காப்பாளராக வரப்போகிறவர் கையில் இப்போதே கொடுத்துவிடுங்கள்.