தெற்கு ஆவணி மூல வீதியில் டைட்டானிக்

பழங்காநத்தத்தில் சித்தப்பா வீட்டில் தங்கினால் எந்தப் பேச்சும் சினிமாவில்தான் போய் முடியும். இந்த முறை மாட்டியது டைட்டானிக். “அக்கா, கப்பல் மூழ்கிய பிறகு நாயகி ரோஸ் மட்டும் ஏறிப் பிழைக்கும் அந்தப் பலகையில் இரண்டு பேர் தாராளமாகப் படுத்திருக்கலாம். காதலன் ஜாக் வீணாகச் செத்தான். அதைப் பார்த்தா ஊரே அழுதது?” என்று தொடங்கினான் சித்தப்பா மகன். பொறியியல் படிக்கிறவன். படத்தை முழுதாகப் பார்த்தாயா என்று கேட்டேன். கைபேசியில் துண்டு துண்டாகப் பார்த்தானாம். கேலி செய்கிறவர்களில் பாதிப் பேர் இந்த வகைதான்.

முழுதாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜாக் அந்தப் பலகையில் ஏறத்தான் பார்க்கிறான். அது சாய்ந்து ரோஸையும் தண்ணீரில் தள்ளிவிடுகிறது. இடம் போதவில்லை என்று படம் எங்கும் சொல்லவில்லை. இரண்டு பேர் பாரத்தை அது தாங்கவில்லை, அவ்வளவுதான். இந்த வழக்கு ஓயாததால் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனே ஆட்களைக் குளிர்ந்த நீரில் இறக்கிச் சோதித்து, 2023இல் அதை ஒளிபரப்பினார். ஒருவிதமாக ஏறி உட்கார்ந்திருந்தால் ஜாக்கும் பிழைத்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். இருக்கட்டும். உறைநிலைக்கும் கீழே இருந்த அந்தத் தண்ணீரில், இருட்டில், யார் அதையெல்லாம் கணக்குப் போட்டிருப்பார்கள்?

மறுநாள் சித்தியின் கொலுசுத் திருகைச் சரிசெய்ய இருவருமாகத் தெற்கு ஆவணி மூல வீதிக்குப் போனோம். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி என்று மதுரை சதுரம் சதுரமாக விரியும். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளின் இராச்சியம். பெரிய கடைகளுக்கு நடுவே, ஒருவர் ஒருக்களித்து நுழையும் அளவில் சந்துகள். அவற்றுக்குள் பட்டறைகள். ஆசாரி ஒருவர் ஊதுகுழலைக் கடைவாயில் வைத்துச் சுடரைச் சாய்த்து ஊதிக்கொண்டே, எங்கள் கொலுசை இன்னொரு கையால் வாங்கிக்கொண்டார். கண்ணைத் திருப்பவில்லை. பற்றவைத்த இடம் ஒரு நொடி ஆரஞ்சாகி அடங்கியது. கடைவாசல் மண்ணைக் கூட்டி அள்ளிப்போய் அலசி, அதில் தங்கத் துகள் தேடிப் பிழைப்பவர்களும் உண்டு.

சிலம்புக்குள் பரல் போட்டுக் கேட்கிறார்களா என்று பேச்சுக் கொடுத்தேன். “பரலெல்லாம் யாரம்மா கேட்கிறார்கள், முத்துச் சலங்கைதான்” என்றவர், கொஞ்சம் பொறுத்து, “அந்தக் கதையில் எங்கள் ஆளைத்தானே கள்ளனாக்கினார்கள்” என்று முகத்தைச் சுளித்தார்.

அப்போதுதான் என் வாதம் எனக்கே தெளிவாகியது. சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை என்று ஒன்று வருகிறது. கோவலன் மதுரைக்குள் நுழைந்து தெருத்தெருவாகச் சுற்றிப் பார்க்கிறான். கணிகையர் வீதி, மணிகள் விற்கும் வீதி, பொன் வீதி, துணி வீதி, தானிய வீதி. எந்த மணிக்கு என்ன குற்றம், எதற்கு என்ன குணம் என்பதுவரை வரும். பள்ளியில் அது சலிப்பாக இருந்தது. ஆள் சாகப் போகிறான், இளங்கோவடிகளுக்கென்ன கடைத்தெரு வர்ணனை என்று தோன்றியது. ஆனால் எரியப் போகும் ஊரை நாம் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால்தானே அது எரியும்போது நமக்குச் சுடும்?

டைட்டானிக்கில் காதலின் வேலையும் அதுவேதான். படம் மூன்றே கால் மணி நேரம் என்று நொந்துகொள்வார்கள்; பாதிப் படம் தாண்டித்தான் பனிப்பாறை வருகிறது. அதுவரை அந்த இருவர் நம்மை முதல் வகுப்பு விருந்து மேசைக்கும், மூன்றாம் வகுப்பு ஆட்டத்துக்கும், கொதிகலன் அறைக்கும், சரக்கறைக்கும் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். காதல் இல்லையென்றால் மேல்தளப் பெண்ணுக்குக் கீழ்த்தளத்தில் என்ன வேலை? கப்பல் மூழ்கும் விதத்தையும் படம் ஒளிக்கவில்லை. முதலிலேயே கணினிப் படம் போட்டு, முன்பக்கம் அமிழ்ந்து, பின்பக்கம் எழும்பி, நடுவில் முறிவதை விளக்கிவிடுகிறார்கள். சிலப்பதிகாரப் பதிகமும் முழுக் கதையையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. என்ன நடக்கும் என்று தெரிந்தபிறகும் உட்கார்ந்து பார்க்க வைப்பது லேசான காரியமா?

“எல்லாம் கிராபிக்ஸ்தானே அக்கா” என்றான் தம்பி. பாதி அப்படித்தான். மீதிக்கு, மெக்சிகோவின் ரோசாரிட்டோ கடற்கரையில் ஏறத்தாழ முழு அளவுக் கப்பலையே கட்டினார்கள். கட்டியது வலப் பக்கம் மட்டும். சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் கப்பலின் இடப் பக்கம் தெரிய வேண்டும் என்பதால், எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி எழுதிப் படம்பிடித்து, பிறகு காட்சியை இடவலம் மாற்றினார்கள்.

திருட்டுப் பழியும் இரண்டிலும் இருக்கிறது. ஜாக்கின் கோட்டுப் பையில் வைரத்தைப் போட்டு அவனைக் கள்ளனாக்குவதைப் பழைய தமிழ்ப்பட உத்தி என்று சிரிப்பவர்கள், கோவலன் எப்படிச் செத்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் ஏறும்போது படுக்கையில் அணைத்துக் கிடக்கும் முதிய தம்பதி சில நொடிகளே வருகிறார்கள். இசிடோர், ஐடா ஸ்ட்ராஸ் என்ற உண்மைத் தம்பதியை நினைத்து எடுத்தது அது. கணவரை விட்டுப் படகில் ஏற மறுத்தவர் ஐடா. அரசன் விழுந்ததும் கோப்பெருந்தேவி உயிர் விட்டதை நம்புகிற நாம் இதை மிகை என்பது எந்த ஊர் நியாயம்? கண்ணகிகூட முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தீயவரைப் பற்றச் சொல்லித்தான் நெருப்பை ஏவினாள். டைட்டானிக்கிலோ எல்லோரையும் காப்பாற்ற வழியே இல்லை: இருந்த 20 படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம். கப்பலில் ஏறத்தாழ 2,200 பேர்.

மாலையில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கோவலன் பொட்டலைப் பார்த்தோம். கோவலன் வெட்டுண்ட இடம் என்பது ஊர் வழக்கு. தொல்லியல் துறை தோண்டிப் பார்த்த இடமும்கூட. போக விரும்புகிறவர்கள் பெரியார் நிலையத்தில் திருப்பரங்குன்றம் பஸ் ஏறிப் பழங்காநத்தத்தில் இறங்கி விசாரித்தால் வழி சொல்வார்கள். பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை.

தம்பியிடம் ஒரு விஷயத்தில் மட்டும் நான் எதிர்வாதம் செய்யவில்லை. முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் பயணியைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொள்வதாகப் படம் காட்டுகிறது. அதற்கு உறுதியான சான்று கிடையாது. அவருடைய சொந்த ஊரான ஸ்காட்லாந்தின் டால்பீட்டிக்குத் தயாரிப்பு நிறுவனத்திலிருந்து 1998இல் ஆள் போய் வருத்தம் தெரிவித்து, நினைவு நிதிக்கு 5,000 பவுண்டு கொடுத்தார்கள். பெயரே சொல்லப்படாத ஒரு பொற்கொல்லனுக்காக இன்றைக்கும் ஓர் ஆசாரி முகம் சுளிக்கிறார். பெயரும் ஊரும் உறவும் உள்ள மனிதர் மீது அந்தப் பழியைப் போட்டிருக்கவே கூடாது.