டோர்பெல் ஊரும் அப்பாவின் நான்கு மாடுகளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் தந்தையார், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு நான்கு மாடுகளை வளர்த்தார். ஐந்தாவது மாட்டை அவர் ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை. கன்று ஈன்று எண்ணிக்கை கூடினால், பால் குடி மறந்ததும் ஒன்றை விற்றுவிடுவார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, கூட்டுறவுச் சங்கம் பற்றிய வகுப்பு ஒன்றில் சுவிட்சர்லாந்து நாட்டு மலைச்சிற்றூரான டோர்பெல்லின் பெயரைக் கேட்டேன். அந்த ஊருக்கு நான் போனதில்லை. ஆனாலும் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் அப்பாவின் மாட்டுக் கணக்கு எனக்கு விளங்கியது.

டோர்பெல் வாலே மாநிலத்தின் கிழக்கே, செருமன் மொழி பேசும் பகுதியில், விஸ்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள சரிவில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கேமரன் மலையின் தானா ராத்தாவும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். ஆனால் ஒப்புமை அத்தோடு முடிந்துவிடுகிறது. வடக்கிலும் தெற்கிலும் நிற்கும் உயர்ந்த மலைத்தொடர்கள் மழைமேகத்தைத் தடுத்துவிடுவதால், கீழே உள்ள விஸ்ப் நகரில் ஆண்டு முழுவதும் பெய்வதே சுமார் 600 மில்லிமீட்டர். ஈப்போவில் அக்டோபர், நவம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் அவ்வளவு மழை கொட்டிவிடும். ஆகவே அங்கே பனியும் பனியாறும் உருகி வரும் ஓடைநீரை மலைச்சரிவின் குறுக்கே வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்துதான் புல்வெளிகளுக்குப் பாய்ச்சினார்கள். சுவோனே என்று அவர்கள் அழைக்கும் இந்த வாய்க்காலில் எந்தக் குடும்பம் எந்த நாளில் எவ்வளவு நேரம் நீர் எடுக்கலாம் என்பதற்கு முறை உண்டு. நம் முன்னோர்கள் ஏரிப் பாசனத்தில் வைத்திருந்த முறைத் தண்ணீரும், கரையையும் மதகையும் ஊரே கூடிச் செப்பனிட்ட குடிமராமத்தும் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 2023இல் யுனெஸ்கோ, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட சில ஐரோப்பிய நாடுகளின் மரபுவழிப் பாசன அறிவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

மலையூர் என்பதால் நிலமும் அடுக்கடுக்காகவே இருந்தது. பள்ளத்தாக்கின் வெப்பமான அடிச்சரிவில் திராட்சை, ஊரைச் சுற்றி கோதுமை போன்ற தானியமான ரையும் காய்கறித் தோட்டமும் வைக்கோற்புல்லும், அதற்கு மேலே காடு, காட்டுக்கும் மேலே கோடைகால மேய்ச்சல் நிலம் என்று ஒவ்வொரு குடும்பமும் ஆண்டு முழுவதும் ஏறியும் இறங்கியும் பிழைத்தது. நாம் பனிமூடிய சிகரத்தை நினைத்துச் சொல்லும் ‘ஆல்ப்’ என்ற சொல், அங்குள்ளவர்களுக்கு அந்த மேய்ச்சல் நிலத்தையே குறிக்கிறது. வயல், திராட்சைக் கொல்லை, வைக்கோற்புல் நிலம் ஆகியவை குடும்பங்களின் சொத்து. மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். மேய்ச்சல் நிலமும் காடும் புறம்போக்கும் பாதையும் ஊருக்குப் பொது.

நில உரிமை பற்றி 1224 முதலே எழுத்து ஆவணங்கள் இருக்கும் இந்த ஊரில், 1483ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் ஊரார் கூடி, ஆல்ப், காடு, புறம்போக்கு ஆகியவற்றை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் அமைத்துக் கையொப்பமிட்டார்கள். 1517இல் வந்த விதிதான் என் மனத்தில் தைத்தது: குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனை மாடுகளை மட்டுமே கோடையில் ஆல்ப்புக்கு அனுப்பலாம். மீறியவருக்குக் கடுமையான அபராதம். மாடுகள் மேலே போனவுடன் எண்ணப்பட்டன. அந்த எண்ணிக்கைப்படியே கோடை முடிவில் பாலாடைக்கட்டி பங்கிடப்பட்டது. பாதை செப்பனிடுவது, பனிச்சரிவில் இடிந்த பட்டியைக் கட்டுவது போன்ற வேலையிலும் மாட்டுக்கு ஏற்ற பங்கு உண்டு. காட்டில் எந்த மரத்தை வெட்டலாம் என்று ஊர் அலுவலர்கள் குறியிட, குடும்பங்கள் சீட்டுக் குலுக்கி எடுத்துக்கொண்டன. ராபர்ட் நெட்டிங் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இவற்றையெல்லாம் ஊரில் தங்கி ஆராய்ந்தார். பொதுச் சொத்தை மக்கள் தாங்களே அழியாமல் காக்க முடியும் என்று நிறுவிய எலினோர் ஆஸ்ட்ரோம், டோர்பெல்லை முக்கியச் சான்றாகக் காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

இதைப் படித்த அன்று அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, அப்பா ஏன் நான்கு மாட்டோடு நிறுத்திக்கொண்டார் என்று கேட்டேன். “தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கும் நாளில் மாட்டை அவிழ்க்க முடியாதே, தங்கச்சி. சாலையோரம் புல் அறுத்து, சைக்கிளில் கட்டிக் கொண்டுவரணும். அப்பாவால் நாலு மாட்டுக்குத்தான் அறுக்க முடிஞ்சது,” என்றார். எங்களுக்குக் குளிர்காலம் கிடையாது. ஆனால் மருந்து அடிக்கும் காலம் இருந்தது.

1483 ஆவணத்தின் மற்றொரு பகுதி எனக்கு உவப்பாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர் டோர்பெல்லில் நிலம் வாங்கினாலும், பொது மேய்ச்சலிலோ காட்டிலோ அவருக்கு உரிமை இல்லை. ஊரார் ஏற்றுக்கொண்டால்தான் உண்டு. மேய்ச்சல் நிலம் தாங்கக்கூடியது இவ்வளவுதான் என்ற அச்சம் அதன் காரணம் என்பது புரிகிறது. ஆயினும் மூன்று தலைமுறை உழைத்தும் ஒரு சாண் நிலம் இல்லாதவர்களாகத் தோட்டங்களில் வாழ்ந்த நமக்கு, அந்த வரியை எளிதில் கடந்துபோக முடியவில்லை. எங்கள் தோட்டத்தில் ரப்பரை வீழ்த்திச் செம்பனை நட்டபோது மாடுகளை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். அப்பா நான்கையும் ஒரே வாரத்தில் விற்றார். பெருந்தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலின்போது, எங்கள் ஊரின் நாடாளுமன்ற உறுப்பினரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியதன் அருமை, டோர்பெல்லைப் படித்த பிறகு எனக்கு இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

டோர்பெல்லும் அப்படியே உறைந்து நின்றுவிடவில்லை. உருளைக்கிழங்கு வந்த பிறகு மக்கள்தொகை பெருகியது. இருபதாம் நூற்றாண்டில் பலர் விஸ்ப் நகரின் வேதிப்பொருள் ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் வைக்கோற்புல் அறுத்தார்கள். இன்று அங்கே ஏறத்தாழ 500 பேர் இருக்கிறார்கள்.

இப்போது எங்கள் தாமான் குடியிருப்பில் உள்ள முதியவர்களிடம் பழைய மாட்டு வழக்கங்களைக் கேட்டு எழுதிவைத்து வருகிறேன். வேறொரு தோட்டத்திலிருந்து வந்த பாட்டி ஒருவர் சென்ற வாரம் சொன்னது: புதிதாகக் கன்று நட்ட காட்டுக்குள் யாருடைய மாடாவது புகுந்தால், தோட்ட நிர்வாகியான துரையின் காதுக்குப் போகும் முன்பே லயத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, மாட்டுக்காரர் ஒரு வாரப் பாலை மாரியம்மன் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வார்களாம். யாராவது கொடுக்காமல் இருந்ததுண்டா என்று கேட்டேன். “அப்புறம் அவன் மாட்டை யார் மேய்ப்பா?” என்றார் பாட்டி.