கார் பேரம்: தள்ளுபடியை விட்டுவிட்டு மொத்தத் தொகையைப் பேசினேன்

எந்தக் கார் என்பது வீட்டிலேயே முடிவாகிவிட்டது. மாடல், வேரியன்ட், கியர் எல்லாம் முடிவு. நிறத்தை மட்டும் விட்டுவைத்தேன். வெள்ளையோ சாம்பலோ, எது ஸ்டாக்கில் இருக்கிறதோ அது போதும். ஆனால் இதையெல்லாம் ஷோரூமில் ஒப்பிக்கவில்லை. ‘இதைத்தான் எடுக்கப் போகிறேன்’ என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அப்புறம் பேரம் பேச என்ன மிச்சம் இருக்கிறது? டெஸ்ட் டிரைவ் எடுத்த அன்று விலைப் பேச்சையே எடுக்கவில்லை. புது வண்டியின் வாசனை மூக்கில் இருக்கும்போது கணக்குப் போடக் கூடாது என்பது என் கட்சி.

வேரியன்ட்டை முன்கூட்டியே முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. ஒரே வேரியன்ட்டுக்கு வாங்கிய கொட்டேஷன்களைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். சன்ரூஃப் உள்ளதற்கு ஒருவரும் இல்லாததற்கு இன்னொருவரும் விலை சொன்னால் யார் குறைத்தார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

விலை பேசப் போனபோது தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்குக் கார் ஓட்டவே தெரியாது. ஆனாலும் விற்பனையாளர் பிரசுரத்தை அவன் பக்கம்தான் திருப்பி வைத்தார். இன்ஜின், மைலேஜ் எல்லாம் அவனுக்கு. நிறமும் டிக்கியில் எவ்வளவு சாமான் பிடிக்கும் என்பதும் எனக்கு. கார் வாங்கப் போகிற பெண் நான், கேள்வி முழுக்க நான் கேட்கிறேன், பதில் முழுக்க அவனுக்குப் போகிறது. தம்பி பாவம், தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

இது ஏதோ எனக்கு மட்டும் தோன்றியது இல்லை. 1995ல் இயன் ஐயர்ஸ், பீட்டர் சீகல்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே மாதிரி பேசப் பயிற்சி கொடுத்த ஆட்களைச் சிகாகோ வட்டாரத்துக் கார் டீலர்களிடம் அனுப்பி, புதுக் காருக்குப் பேரம் பேசச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் கூட்டிச் சொன்னார்கள் என்பதுதான் முடிவு. முகத்தைப் பார்த்து விலை சொல்வது என்று நாம் சொல்வோமே, அதேதான். சரி, அப்படியென்றால் முகம் தெரியாத இடத்தில் பேசிக்கொள்வோம் என்று மின்னஞ்சலுக்கு மாறினேன்.

போய் வரக்கூடிய தூரத்தில் இருந்த டீலர்கள் எல்லோருக்கும் ஒரே கடிதம். இன்ன மாடல், இன்ன வேரியன்ட், இந்த இரண்டு நிறங்களில் எதுவானாலும் சரி, இந்த மாதத்துக்குள் எடுக்கத் தயார். வரி, பதிவு, காப்பீடு, உங்கள் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து, சாவி என் கைக்கு வரும்வரை நான் கொடுக்க வேண்டிய மொத்தத் தொகை என்ன? ஒவ்வொரு இனத்தையும் தனித்தனி வரியாக எழுதி அனுப்புங்கள். தள்ளுபடி எவ்வளவு என்று கேட்கவே இல்லை.

சிலரிடமிருந்து பதிலே இல்லை. சிலர் ‘நேரில் வாருங்கள், பெஸ்ட் பிரைஸ் தருகிறோம்’ என்று ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். எழுத்தில் தர மனமில்லாத பெஸ்ட் பிரைஸை நம்பி நான் எதற்குப் போக வேண்டும்? எழுதி அனுப்பியவர்களோடு மட்டும் மேற்கொண்டு பேசினேன்.

வந்த தாள்களை மேசையில் பரப்பி, பென்சிலோடு உட்கார்ந்தேன். மேலே கொட்டை எழுத்தில் காரின் விலை, அதற்குக் கீழே பெருமையாகத் தள்ளுபடி. அதுவரைக்கும் எல்லாம் அழகு. அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் விஷயம். வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போவது. அதில் டீலர் குறைக்க எதுவுமில்லை, எல்லாத் தாளிலும் அது ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தொகைக்குள் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது. காப்பீடு, நீட்டித்த வாரன்டி, ஆக்ஸசரீஸ் பேக்கேஜ், அடிப்பாகப் பூச்சு, பெயின்ட்டுக்கு மேல் கோட்டிங், ஹேண்ட்லிங் சார்ஜ் எல்லாம் டீலர் கைக்குள் இருப்பவை. அதிகத் தள்ளுபடி காட்டியிருந்த தாளில் இந்த இனங்களும் அதிகம். காரில் விட்டதைத் தரை மிதியடியில் பிடித்திருந்தார்கள்.

இதில் டீலரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. புதுக் காரின் விலையில் அவருக்கு நிற்கும் லாபம் மெலிசு. கடன் ஏற்பாடு, காப்பீடு, ஆக்ஸசரீஸ், பிற்பாடு சர்வீஸ், இவற்றில்தான் கடையே ஓடுகிறது. மாதத்துக்கும் காலாண்டுக்கும் இத்தனை வண்டி விற்க வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனம் இலக்கு வைக்கிறது, எட்டினால் ஊக்கத்தொகை. இலக்குக்கு ஒன்றிரண்டு வண்டி குறைவாக நிற்கிற டீலர் மாதக் கடைசியில் விட்டுக்கொடுப்பார், இலக்கை முன்பே தாண்டியவருக்கு என் ஒரு வண்டியால் என்ன ஆகப் போகிறது? மாதக் கடைசியில் போனால் கட்டாயம் குறையும் என்று சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை. அதேபோல, ஆறு மாதம் காத்திருக்க வேண்டிய காருக்கு யாரும் குறைக்க மாட்டார்கள், யார்டில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் காருக்குக் குறைப்பார்கள். நான் நிறத்தை விட்டுவைத்தது இதற்காகத்தான்.

தள்ளுபடித் தொகையையும் பிரித்துக் கேட்டேன். தயாரிப்பு நிறுவனம் எல்லோருக்கும் தருவது எவ்வளவு, நீங்கள் உங்கள் கையிலிருந்து தருவது எவ்வளவு, நிபந்தனையோடு வருவது எவ்வளவு? பார்த்தால், பழைய காரைக் கொடுத்தால்தான் ஒரு பகுதி, அவர்கள் சொல்லும் இடத்தில் கடன் வாங்கினால்தான் ஒரு பகுதி. எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கூட்டிப் போட்டிருந்தார்கள். நிபந்தனைகளைக் கழித்த பிறகு, பார்க்கப் பெரிதாக இருந்த ஒரு தள்ளுபடி மற்றவற்றுக்கெல்லாம் கீழே போய்விட்டது.

பிறகு மொத்தத் தொகை குறைவாக வந்த டீலரிடம் நேரில் போனேன். தம்பியை இந்த முறை வீட்டில் விட்டுவிட்டேன்.

“மேடம், மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு சொல்லுங்க, அதுக்குள்ள முடிச்சுத் தரேன்” என்றுதான் இங்கேயும் ஆரம்பித்தார்கள். கரிசனமான கேள்வியாகத் தெரியும். தவணையைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு விலையைக் குறைக்க வேண்டியதில்லை, வருடத்தைக் கூட்டினால் போதும். 9 சதவீத வட்டிக்கு 5 வருடத்தில் கட்டுவதை 7 வருடமாக்கினால் மாதத் தவணை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. ஆனால் கட்டும் மொத்த வட்டி நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. “தவணையை நான் பார்த்துக்கறேன், மொத்தத் தொகையைப் பேசுவோம்” என்றேன். அதற்கப்புறமும் அந்தக் கேள்வி வேறு வேறு வேஷத்தில் வந்துகொண்டிருந்தது. பதிலும் அதேதான்.

என்னிடம் இரண்டு தாள் இருந்தன. ஒன்று அவர்களுடைய கொட்டேஷன், வேண்டாத இனங்கள் பென்சிலால் அடிக்கப்பட்டு. இன்னொன்று வேறொரு டீலருடையது. ஆக்ஸசரீஸ் பேக்கேஜ் வேண்டாம் என்றதும், “அது எல்லா வண்டியிலயும் ஏற்கெனவே மாட்டியாச்சு மேடம்” என்றார். “மாட்டாத வண்டி வரட்டும், காத்திருக்கேன்” என்றேன். ஹேண்ட்லிங் சார்ஜ் எதற்கு என்று கேட்டதற்கு, வண்டியை யார்டிலிருந்து கொண்டுவந்து கழுவித் துடைத்துத் தயார் செய்வதற்கு என்றார். விற்கிற பொருளைத் துடைத்துக் கொடுக்கத் தனிக் காசா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. “அந்த வரியை எடுத்துட்டு மொத்தம் என்னன்னு சொல்லுங்க” என்று மட்டும் சொன்னேன்.

அவர் எழுந்து கண்ணாடி அறைக்குள் போனார். உள்ளே மேனேஜர். கண்ணாடி வழியாகப் பார்த்தால் இருவரும் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், தாள் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. திரும்பி வரும்போது மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். “ரொம்பக் கஷ்டப்பட்டு வாங்கிட்டு வந்தேன் மேடம்” என்று ஒரு தொகையைக் காட்டினார். குறைந்துதான் இருந்தது, இதற்கு மேல் கொடுப்பதில்லை என்று நான் எழுதிவைத்திருந்த எல்லைக்கு இன்னும் வரவில்லை. பதில் சொல்லாமல் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவரே வாயைத் திறந்து மிதியடி, மட்கார்டு எல்லாம் இலவசம் என்றார். இலவசம் வேண்டாம், அதன் விலையைக் கழித்துவிடுங்கள் என்றேன். கழிக்கும்போது அது அவ்வளவு விலை பெறாத பொருள் ஆகிவிட்டது! இன்னொரு டீலரின் தாளை அப்போதுதான் எடுத்து வைத்தேன். இல்லாத விலையை இருப்பதாகச் சொல்லிப் பேரம் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அது சரிப்படாது; தாளைக் காட்டச் சொன்னால் முழிக்க வேண்டும். மறுபடி கண்ணாடி அறை, மறுபடி தொங்கின முகம். தொகை எல்லைக்குள் வந்தது. “இன்னிக்கு மட்டும்தான் இந்த விலை” என்றார்கள். எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுங்கள், நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். மறுநாளும் அதே விலைதான் இருந்தது.

பழைய காரை இந்தப் பேச்சில் சேர்க்கவே இல்லை. புதுக் கார் விலை எழுத்தில் வந்த பிறகுதான், என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது என்று சொன்னேன். அதற்கு முன்பே பழைய கார் வாங்குபவர்களிடம் காட்டி விலை கேட்டுவைத்திருந்தேன். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று டீலர் தருவது நிஜமான பணம்தான், ஆனால் காருக்கு மதிப்புப் போடும்போது அதைவிட அதிகமாகக் குறைத்தார்கள். வெளியில் விற்றேன்.

கடனுக்கும் வங்கியில் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். டீலர் சொன்ன 7 சதவீதம் வங்கி சொன்னதைவிடக் குறைவாகத் தெரிந்தது. ஃப்ளாட்டா, குறையும் நிலுவைக்கா என்று கேட்டதும் பேச்சு கொஞ்சம் இழுத்தது. ஃப்ளாட் என்றால், அசல் பாதி அடைந்த பிறகும் முழு அசலுக்கே வட்டி; குறையும் நிலுவை என்றால், மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும். 5 வருடக் கடனுக்கு 7 சதவீத ஃப்ளாட் என்பது, குறையும் நிலுவையில் ஏறக்குறைய 12.5 சதவீதம். காப்பீட்டில் கணக்கு சுலபம்: அதே கவரேஜ், அதே துணைச் சேர்க்கைகளுக்கு வெளியில் விலை வாங்கிக் காட்டினேன், டீலரே அந்த அளவுக்கு இறங்கினார். அவரிடமே எடுத்துக்கொண்டேன்.

புக்கிங் பணம் கட்டும்போது ரசீதில் சிலவற்றை எழுதச் சொன்னேன். டெலிவரிக்குள் விலை ஏறினால் யார் பொறுப்பு, நான் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், எந்த மாதத்துக்குப் பிறகு தயாரான வண்டி தரப்படும். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்’ என்பது எந்த ரசீதிலும் அச்சாவதில்லை.

பதிவுக்கு அனுப்புவதற்கு முன் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதிவான பிறகு குறை சொன்னால் மாற்றித் தருவது லேசில் நடக்காது. பகல் வெளிச்சத்தில் போனேன். கண்ணாடிக்குக் கீழே பொறித்திருந்த சேஸிஸ் எண்ணைத் தாளோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். மொத்தம் 17, அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்ஜியம். அப்புறம் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தேன். ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3223 என்றால் 2023ன் 32ஆவது வாரம். நான்கு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வந்திருந்தன; ஸ்டெப்னி மட்டும் கொஞ்சம் முந்தியது, அது பரவாயில்லை. பின்கதவில் ஒரு மெல்லிய கீறல் இருந்தது. பாலிஷில் போய்விடும் என்றார்கள். போட்டுக் காட்டச் சொன்னேன், போய்விட்டது.

கடைசி பில்லில், நான் பென்சிலால் அடித்திருந்த ஹேண்ட்லிங் சார்ஜ் ‘டாக்குமென்டேஷன்’ என்ற பெயரில் திரும்பி வந்திருந்தது. கையெழுத்துப் போட்ட கொட்டேஷனைக் கவுன்ட்டரில் வைத்தேன். அங்கிருந்த பெண் இரண்டையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேறு பில் அடித்துக் கொடுத்தார்.