நிற்காத எண்

தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், குளுக்கோஸ் மாதிரியின் ஒளிச்சுழற்சியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அதன் கரைசல் எத்தனை பாகை திருப்புகிறது என்பதை, அளக்கச் சொன்னார்கள். 10 கிராம் எடைபோட்டு, நீரில் கரைத்து 100 மில்லிலிட்டர் ஆக்கி, 20 சென்டிமீட்டர் குழாயில் ஊற்றி, அதை அளக்கும் கருவியான போலாரிமீட்டரில் வைக்க வேண்டும். கணக்குப்படி சுமார் 10.5 பாகை வர வேண்டும். எனக்கு 21-ஐத் தாண்டியது. எடையில் கோட்டை விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று யோசிப்பதற்குள் எண் இறங்கத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் 20-க்கும் கீழே. சரி, கருவிதான் பழுது என்று வெறும் நீரை வைத்துப் பார்த்தேன். சுழியம் அசையவில்லை.

மூத்த ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். "அம்மோனியா விட்டீங்களா?" அவ்வளவுதான் கேட்டார். சில சொட்டு அம்மோனியா விட்டு அரை மணி நேரம் வைக்கவும் என்று செய்முறைத் தாளில் இருந்தது. ஏதோ சம்பிரதாய வரி என்று தாண்டிப் போயிருந்தேன்.

நான் எடைபோட்ட படிகம் முழுக்க ஆல்ஃபா வடிவம். அதில் முதல் கார்பனோடு ஒட்டிய ஹைட்ராக்சில் (OH) தொகுதி, மூலக்கூறின் வளையத்துக்குக் கீழே இருக்கும். கரைந்ததும் வளையம் திறந்து மூடுகிறது. மூடும்போது அதே ஹைட்ராக்சில் மேலே போய்விட்டால் அது பீட்டா. ஆல்ஃபாவின் தன்சுழற்சி, அதாவது பொருளுக்கே உரிய சுழற்சி அளவு, +112; பீட்டாவுக்கு +18.7. ஆல்ஃபா 36-க்கு பீட்டா 64 என்ற கலவையை நெருங்கியதும் கரைசல் +52.7-இல் நிலைக்கிறது; நான் எதிர்பார்த்த 10.5 பாகை அதற்குரியது. தானாக விட்டால் மணிக்கணக்கில் இழுக்கும், அம்மோனியா விரட்டிவிடும். பீட்டா ஏன் அதிகம்? அதன் வளையம் நாற்காலி போல மடிந்திருக்கும் வடிவத்தில் பெரிய தொகுதிகள் எல்லாமே பக்கவாட்டில், நெருக்கடியில்லாமல் நிற்கின்றன. கல்லூரியில் 'மேலே, கீழே' என்று மதிப்பெண்ணுக்காக வரைந்து தள்ளிய படம், அன்றுதான் என் கண்ணெதிரே புரண்டது.

அப்புறம் நானும் மூத்தவன் ஆனேன். ஒருநாள் ஒரு பயிற்சியாளர் ஃபிரக்டோஸ் பாட்டிலோடு வந்தார். "சார், லேபிளில் டி, அதாவது வலப்பக்கம் சுழற்றும் என்று போட்டிருக்கிறது, கருவி மைனஸ், இடப்பக்கம் காட்டுகிறது. மாற்றி ஒட்டிவிட்டார்களா?"

லேபிள் சரிதான். அந்த 'டி' சுழலும் திசையைச் சொல்வதே இல்லை; சர்க்கரை மூலக்கூறைச் செங்குத்துச் சங்கிலியாக வரையும் ஃபிஷர் படத்தில் ஐந்தாம் கார்பனின் ஹைட்ராக்சில் வலப்பக்கம் இருப்பதைத்தான் சொல்கிறது. அந்த முறையைத் தந்த வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1891-இல் அந்த வலப்பக்கத்தைத் தேர்ந்தது வெறும் ஊகம். அது சரியான ஊகம் என்று டச்சு வேதியியலாளர் பைஃபூட் எக்ஸ்-கதிர் கொண்டு காட்ட 1951 ஆகிவிட்டது.

பயிற்சியாளர் தலையாட்டினார். "அம்மோனியா விட்டீங்களா?" என்றேன். விட்டிருந்தார்.