வெள்ளையாகவே வந்த வடிதாள்

ஒரகடம் பக்கம் ஒரு கார் ஆலையின் புகைச் சோதனைக்கூடத்தில் அப்போது வேலை. காரின் சோதனை ஓட்டம் முடிந்ததும், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள வடிதாளை இடுக்கியால் எடுத்து, மூச்சுக்காற்று பட்டாலே எண் மாறும் தராசில் வைக்க வேண்டும். பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் கார் ஓடிய நாளில் அந்தத் தாள் தோசைக்கல் துடைத்த துணிபோல் வரும். 2017இல் ஒருநாள், வைத்தது வைத்தபடி வெள்ளையாக வந்தது. எங்கோ கசிவு என்று இணைப்புகளையெல்லாம் இறுக்கி மறுபடி ஓட்டினோம். மறுபடியும் வெள்ளை.

அந்தக் காரின் புகைக்குழாயில் இருந்த, தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டி கரியைப் பிடித்து வைத்திருந்தது. நான்காம் படி நாடு முழுவதும் வந்ததே அந்த ஆண்டு ஏப்ரலில்தான். ஐந்தைத் தாண்டி ஆறுக்குப் போகக் கெடு 2020 ஏப்ரல் 1. கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் கரி வரை விடலாம் என்பது 4.5 ஆகிவிடும். வெள்ளைத் தாளைப் பார்த்து, பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். அனுபவம் போதாத வயது.

பிடித்த கரி தேன்கூட்டை அடைத்துவிடாமல் எரித்தாக வேண்டுமே! அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். இன்ஜின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்து அந்தச் சூட்டை உண்டாக்கும். அது நிலைக்க வண்டி வேகமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கூடத்தில் சக்கரத்தடியில் சுழலும் உருளைமேல் கார் 90 கிலோமீட்டர் வேகம் வரை போகும். மாலை நேரத்துக் குரோம்பேட்டையில் எங்கே போவது? எரிப்பு தொடங்கும், அதற்குள் சிக்னல், இல்லாவிட்டால் வீடே வந்துவிடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இன்ஜின் ஆயிலில் இறங்கும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் ஓட்டுநர். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி என் மூக்கருகே நீட்டினார். "எந்த வண்டியிலும் ஆயில் குறையும் சார். இதில் ஏறுகிறது." டீசல் வாடை அடித்தது. எரிப்பை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கணக்கைத் திருத்தவே எட்டு மாதம் ஆயிற்று. சிறிய காரில் இத்தனை சாமான் ஏற்றினால் விலை தாங்காது. 2019இல் மாருதி சுசூகி டீசல் கார்களை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது எங்கள் கேன்டீனில் யாரும் வியக்கவில்லை.

என் மாமனார் பிடிவாதமாக டீசல் கார்தான் வாங்கினார். வீடு, கோயில், காய்கறிக் கடை, அதற்குமேல் ஓட்டமில்லை. மூன்றாம் மாதம் போன் வந்தது. "மாப்பிள்ளை, ஏதோ மஞ்சள் விளக்கு எரிகிறதே?"

தேன்கூட்டில் கரி நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை அது. ஞாயிறு விடியற்காலையில் அவரை உட்காரவைத்துச் செங்கல்பட்டுச் சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டினேன். காற்று சுத்தமாக வேண்டும் என்று போகாத ஊருக்கு டீசல் எரித்துக்கொண்டு போனோம். பரனூர் சுங்கச்சாவடி தாண்டியதும் விளக்கு அணைந்தது.

"ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும்?" என்றார்.

"சுங்கக் கட்டணம்தான் மாமா."