பிரஷருக்கு டோஸைக் கூட்டுவதா, இன்னொரு மருந்தைச் சேர்ப்பதா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை எனக்கு. கடைத்தெருவில் நடந்த ஒரு முகாமில் சும்மா கையை நீட்டியபோது 162/100 காட்டியது. தலைவலி, மயக்கம் எதுவுமே இல்லை. அப்புறம் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தபோதும் பெரிதாக இறங்கவில்லை. டாக்டரம்மா அம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதினார்.

148/92 வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. சரி, 10 போடுங்கள் என்றார். பிரஷர் இன்னும் கொஞ்சம் இறங்கியது, கால் வீங்கியது. ராத்திரி கடை சாத்தும்போது செருப்பு வார் ஏறாது. கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். “கிட்னியப் பாரு தம்பி” என்று பக்கத்துக் கடை அண்ணன் பயமுறுத்திவிட்டார். கிரியாட்டினின், யூரின் எல்லாம் பார்த்தாயிற்று; சரியாகவே இருந்தன.

இது மருந்தின் வேலைதான் என்று டாக்டரம்மா விளக்கினார். அம்லோடிபின் ரத்தம் வரும் பக்கத்துச் சிறு குழாய்களை நன்றாக விரிக்கிறது, திரும்பிப் போகும் சிரைகளை அந்த அளவு விரிப்பதில்லை. நடுவில் அழுத்தம் கூடி நீர் கசிந்து காலில் தேங்குகிறது. டோஸ் ஏற ஏற வீக்கமும் ஏறும். அதனால் 10-ஐத் திரும்ப 5 ஆக்கி, கூடவே டெல்மிசார்ட்டான் 40 கொடுத்தார். அது வேறு வழியில் பிரஷரை இறக்கும், சிரைகளையும் தளர்த்தும்.

“ரெண்டு மருந்தா? அப்ப முத்திருச்சா?” என்றார் அம்மா. அதையே டாக்டரிடமும் கேட்டேன். 42 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009-இல் வந்த முடிவைச் சொன்னார்: ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்த்தால் பிரஷர் ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாக இறங்குகிறது. ஐரோப்பிய வழிகாட்டுதல் 2018-லேயே பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பமே இரண்டு மருந்து, அதுவும் ஒரே மாத்திரையில் என்று சொல்லிவிட்டதாம். தள்ளாத வயசுக்காரர்களுக்கும், லேசாக மட்டும் ஏறியிருப்பவர்களுக்கும் ஒன்றில்தான் தொடங்குவார்களாம்.

எனக்கு முதலில் தனித்தனியாகக் கொடுத்தது நல்லது என்றே நினைக்கிறேன். எதையாவது மாற்ற வேண்டுமானால் அதை மட்டும் மாற்றலாம். நடுவில் ஒருமுறை பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்தார்கள். டெல்மிசார்ட்டான் தொடங்கினால் அது அவசியம். என் தங்கைக்கும் பிரஷர் உண்டு; குழந்தைக்குத் திட்டமிடுவதால் அவளுக்கு அந்த மருந்தே ஆகாது என்று வேறு மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

வீக்கம் மெல்ல வடிந்தது. பிரஷர் 130-ஐ ஒட்டி நிற்கிறது. இப்போது இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, காலையில் ஒன்று. மெடிக்கலில் அட்டையைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். டெல்மிசார்ட்டான் பிராண்டுகளில் பெயருக்குப் பின்னால் ‘ஏஎம்’ இருந்தால் அம்லோடிபின் சேர்ந்தது, ‘ஹெச்’ இருந்தால் நீர் பிரிய வைக்கும் மருந்து சேர்ந்தது. ஒருமுறை அவசரத்தில் ‘ஹெச்’ அட்டையை நீட்டினார்கள், அங்கேயே மாற்றி வாங்கிவந்தேன்.